ஒரே கூரையின் கீழ் ஒரு டம்ளர் தண்ணீர்

மூக்கைத் தொடக் கையை நேராகக் கொண்டுபோவது பண்பாடற்ற செயல் என்றும், தலையைச் சுற்றிக் கொண்டுபோவதே முறை என்றும் ஒரு நிறுவனம் முடிவு செய்துவிட்டால், அங்கே வேலை செய்பவர்களுக்கு முதலில் கை வலிக்கும், பிறகு பழகிவிடும், அதற்கும் பிறகு, நேராக மூக்கைத் தொடுகிறவனைக் கண்டால் சிரிப்பு வரும். தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வுகள் செய்துவந்த அந்த நிறுவனத்தில் இம்மூன்று நிலைகளும் ஓராண்டுக்குள் முறையாக நடந்தேறின.

வரைபடப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. சன்னலோரத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் வரைவாளர், மற்றொன்றில் சரிபார்ப்பவர். வால்வின் படத்தை முன்னவர் வரைவார். பின்னவர் அதன் ஒவ்வோர் அளவையும் பார்த்துப் பிழை சொல்வார். இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியே அமர்ந்திருந்தனர். காதோரம் நரைக்கத் தொடங்கிய காலத்தில் அப்படி அமர்ந்தவர்கள், கருப்பு முடியைத் தேட வேண்டிய காலத்திலும் அப்படியே அமர்ந்திருந்தனர். ஐயம் வந்தால் வரைவாளர் நாற்காலியைத் திருப்புவார். அது கிறீச்சிடும். அந்த ஒலி கேட்டதும் மற்ற நாற்காலியும் திரும்பும்.

"இந்தத் துளை இங்க இருந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்பார் சரிபார்ப்பவர்.

"வெளியேதான்."

"எங்க வெளியே? உங்க வீட்டுக்கா? அழிங்க, அழிங்க."

அவ்வளவுதான் நடைமுறை. சரிபார்ப்பவர் எதையும் முழுதாகப் படிக்காமல் ஒப்புக்கொள்ளாதவர். தம் திருமண அழைப்பிதழிலேயே பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தி, திருத்திய பிரதியைத்தான் மாமனாருக்குக் கொடுத்தார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் திருத்துவார்.

அந்நிலையில்தான் 'ஒரே கூரை' வந்தது.

ஒரே கூரை என்பது நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் வலைத்தளம். கணினியைத் திறந்தால் அதுதான் முதலில் வரும். மூடினால் கடைசியாகப் போகும். அதைத் தொடங்கிவைத்துப் பேசுவதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பு மேலாளர் நியமிக்கப்பட்டார். அவர் பேசிய நாளில் நல்ல மழை. அரங்கின் தகரக் கூரை ஒழுகியது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைக்கப்பட்டிருந்தது.

"இதுவரைக்கும் நீங்க எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் நேரடியா பேசிக்கிட்டு இருந்தீங்க," என்றார் மேலாளர். அதில் மன்னிக்கும் தொனி இருந்தது. "அதனால என்ன ஆச்சு? யார், யார்கிட்ட, என்ன பேசினாங்கன்னு நிர்வாகத்துக்குத் தெரியவே இல்லை. இனிமே அந்த இடைவெளி கிடையாது. சந்தேகமா, கூரையில கேளுங்க. பதிலா, கூரையில சொல்லுங்க. நன்றியா, அதுக்கும் பொத்தான் இருக்கு. ஒரே கூரை மனுஷங்களை மனுஷங்களோட இணைக்கும். நடுவுல மனுஷங்க குறுக்கே வராம பாத்துக்கிட்டாப் போதும்."

கைதட்டல் அடங்கியதும் சரிபார்ப்பவர் எழுந்தார்.

"சார், இப்போ நம்ம தலைக்கு மேல ஒழுகுதே ஒரு கூரை, அதை எந்தக் கூரையில சொல்லணும்?"

எல்லோரும் சிரித்தனர். மேலாளரும் சிரித்து, மிக நல்ல கேள்வி என்று பாராட்டி, அதையே முதல் கோரிக்கையாகப் பதியச் சொன்னார். அது பதியப்பட்டது. வாளி இன்றும் அங்கே இருக்கிறது.

அன்றுமுதல் வரைவாளர் நாற்காலியைத் திருப்புவது 'கூரைக்கு வெளியே உரையாடல்' என்னும் குற்றமாயிற்று. அவர் படத்தைக் கூரையில் ஏற்றுவார். அது எங்கெங்கோ போய்விட்டு, கைநீட்டினால் தொடக்கூடிய தொலைவில் இருந்த சரிபார்ப்பவரின் திரைக்கு வரும். அவர் 'பார்த்தேன்' என்னும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் படம் பட்டறைக்கு இறங்கும். அவர் பழைய வழக்கப்படியே நிதானமாகப் பார்த்தார். பிழை இருந்தால் 'துளை' என்று ஒற்றைச் சொல்லை எழுதினார். "எந்தத் துளை?" என்று வரைவாளர் எழுதிக் கேட்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும். அது எழுத்தில் வராது.

இவ்வளவிலும் சரிபார்ப்பவர் குறை சொல்லாத அம்சம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் 'குடும்பமும் கூரைக்கடியில்'. காலையில் ஊழியர் முதல் 'பார்த்தேன்' பொத்தானை அழுத்தியதும் அவர் பெயருக்கு அருகில் ஒரு பச்சைப் புள்ளி எரியும், அவர் வீட்டுக்கு, "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் கணவர் பணிக்கு வந்துவிட்டார்" என்று ஒரு குறுஞ்செய்தி போகும். மாலையில் 'புறப்படுகிறேன்' என்னும் பொத்தானை அழுத்தினால் புள்ளி அணையும்; "உங்கள் கணவர் புறப்பட்டுவிட்டார். அன்புடன் வரவேற்கவும்" என்று இன்னொன்று போகும்.

"இத்தனை வருஷமா எந்த மெசேஜும் இல்லாமதான் நான் வீடு போய்ச் சேர்ந்தேன்," என்றார் சரிபார்ப்பவர், படிக்கட்டில் இறங்கும்போது. படிக்கட்டு எந்தப் பிரிவிலும் சேராததால் அங்கே பேசலாம். "ஆனா ஒண்ணு சொல்லணும். மெசேஜ் பாத்ததும் டீக்குத் தண்ணி வெச்சிடுறா. நான் செருப்பைக் கழட்டும்போது டம்ளர் கைக்கு வருது. சூடு நாக்கைச் சுடுது. இதுல மட்டும் பிழை கண்டுபிடிக்க முடியலை."

அவர் இறந்த நாளில் கூட்டுழைப்புப் பயிற்சி நடந்தது.

உடன் வேலை செய்பவரின் தேவையைக் குறிப்பறிந்து உதவுவது எப்படி என்பது பாடம். முழுக் கவனம் வேண்டும் என்பதற்காக எல்லோருடைய கைப்பேசிகளும் அரங்கின் வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைக்கப்பட்டன. அவசரப் படம் ஒன்று காத்திருந்ததால் சரிபார்ப்பவருக்கு மட்டும் விலக்கு. மாடியில் அவர் தனியாக இருந்தார். நெஞ்சை என்னவோ செய்திருக்க வேண்டும், எழுந்திருக்க முடியவில்லை. தேநீர் அறையில் இருந்த அம்மாளுக்கோ, கூரையில் கோரிக்கை வராமல் யாருக்கும் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே சரிபார்ப்பவர், விதிகளை முழுதாகப் படித்தவர் ஆதலால், கூரையில் எழுதினார்: "ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும்." எந்தப் பிரிவு என்று கூரை கேட்டது. 'உதவி' என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

அரங்கில் அவர்கள் இருவர் இருவராகக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் வழிநடத்திக்கொண்டிருந்தனர். வாசலில் கூடை ஒருமுறை அதிர்ந்தது.

பயிற்சி முடிந்து வரைவாளர் திரும்பி வந்தபோது சரிபார்ப்பவர் மேசைமேல் தலைசாய்த்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, ஓரமாக வைத்திருந்தார். திரையில் பதில் வந்திருந்தது: "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது. கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கவும். சிக்கல் தீர்ந்ததா? ஆம் / இல்லை."

தண்ணீர் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர். ஆறுதலாகத்தான் சொன்னார். வரைவாளர் அதை வீடுவரை சுமந்துகொண்டு போனார். வழியில் எந்த இடத்திலும் அது ஆறுதலாக மாறவில்லை.

விசாரணை நடந்தது. மனிதவள அதிகாரி மிகவும் வருந்தினார். "பாருங்க, தண்ணிங்கிறது 'உணவும் பானமும்' பிரிவுல வரணும். அவர் 'உதவி'யில பதிஞ்சிட்டார். 'உதவி' நேரா கணினிப் பிரிவுக்குப் போயிடும். சரியா பதிஞ்சிருந்தா தண்ணி கண்டிப்பா போயிருக்கும். எவ்வளவு கவனமான மனுஷர்! கடைசியில இப்படி ஒரு பிழை." இனி ஒருவருக்கும் இப்படி நேரக் கூடாது என்பதற்காக, சரியான பிரிவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு பயிற்சி அறிவிக்கப்பட்டது. கைப்பேசிகளுக்குப் பெரிய கூடை வாங்கப்பட்டது.

இரங்கல் செய்தி கூரையில் ஏற்றப்பட்டது. அதற்குக் கீழே ஊழியர்கள் தங்கள் உணர்ச்சியைத் தெரிவிக்க மூன்று படங்கள் இருந்தன: உயர்த்திய கட்டைவிரல், கைதட்டல், பலூன். துயரத்துக்குப் படம் இல்லை. துயரம் வரக்கூடும் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. நெடுநேரம் யோசித்த மேலாளர் கைதட்டலைத் தேர்ந்தெடுத்தார். மரியாதை கருதி அனைவரும் அவரைப் பின்பற்றினர். வரைவாளர் ஒன்றையும் அழுத்தவில்லை. "உங்கள் சக ஊழியரின் செய்திக்கு நீங்கள் இன்னும் மகிழ்ச்சி தெரிவிக்கவில்லை" என்று கூரை அவருக்கு நாள்தோறும் நினைவூட்டியது.

இதற்குள் படங்கள் தேங்கத் தொடங்கின. 'பார்த்தேன்' இல்லாமல் ஒன்றும் கீழே இறங்கவில்லை. வரைவாளர் கணினிப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த பெண் எழுந்து நின்றாள்.

"சார், அவர் பேரை எடுக்கணும்னா விலகல் கோரிக்கை வேணும். அதை அவர்தான் போடணும்."

"அவர் செத்துப்போயிட்டாரும்மா."

"தெரியும் சார். அன்னிக்கு முழுக்க நான் அழுதேன். அந்தப் பதிலை எழுதி வெச்சதே நான்தான், எப்பவோ, எல்லாருக்கும் பொதுவா." அவள் கண் மறுபடி கலங்கியது. "நமக்குத் தெரியும் சார். கூரைக்குத் தெரியாதே."

மனிதவள அதிகாரி கூரைக்குத் தெரிவிக்க முன்வந்தார். விலகும் காரணத்துக்கு அதில் சில விடைகளே இருந்தன. 'உடல்நலம்' என்று போட்டார். எப்போது குணமாகித் திரும்புவார் என்று கூரை தேதி கேட்டது. 'மேற்படிப்பு' பொருந்தவில்லை.

"'வேறிடத்தில் நல்ல வாய்ப்பு'ன்னு போடட்டுமா?" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "ஒரு விதத்துல பாத்தா பொய்யில்லை."

அப்படியே போடப்பட்டது. அதன் விளைவாக, திறமையானவர்களைத் தக்கவைக்கும் குழு விழித்துக்கொண்டு சரிபார்ப்பவருக்கு எழுதியது: "தாங்கள் எங்களை விட்டுச் செல்வதாக அறிந்து வருந்துகிறோம். தங்களை மகிழ்ச்சியாக வைத்திருக்க நாங்கள் இன்னும் என்ன செய்யலாம்?" பதில் வரவில்லை. குழு மீண்டும் எழுதியது. அதற்கும் பதில் வரவில்லை. மூன்றாவது மடல் இறுதியானது: "தங்கள் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு, தாங்கள் பணியில் தொடர்வதை உறுதிசெய்கிறோம். முடிவை மறுபரிசீலனை செய்தமைக்கு நன்றி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். இங்கே எமனே அழைத்துப்போன பிறகும் குழு விடவில்லை.

அன்று மாலை மேலாளர் வரைவாளரின் தோளில் கை வைத்தார். "நீங்க அவர் பக்கத்துலயே இருந்தவர். காலையில வந்ததும் அவர் கணினியில 'பார்த்தேன்'னு ஒரு அழுத்து அழுத்திட்டு உங்க வேலையைப் பாருங்க. தற்காலிக ஏற்பாடுதான்."

"நான் வரைஞ்சதை நானே பார்த்தேன்னு சொல்றதா சார்?"

"நீங்க சொல்லலையே. அவர்தானே சொல்றார்?"

மறுநாள் காலை வரைவாளர் நண்பரின் நாற்காலியில் அமர்ந்தார். நாற்காலி திரும்பும்போதெல்லாம் தம்மை இத்தனை ஆண்டுகள் எங்கிருந்து பார்த்திருப்பார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு அழுத்தினார். பச்சைப் புள்ளி எரிந்தது. முன்பு ஒரு படம் ஒருநாள் முழுதும் மேசையில் கிடக்கும். இப்போது கண்ணிமைக்கும் முன் இறங்கியது. வேகம் கூடிவிட்டது என்று நிர்வாகம் பாராட்டியது. ஒருமுறை துளை மாறிப்போன ஒரு தொகுதி வால்வுகள் உருவாகி, எங்கோ ஓர் ஊரில் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. புகார் வந்தது. அது சரிபார்ப்பவரின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. அவர் பார்த்தார்.

அவர் அழுத்தத் தொடங்கிய முதல் வாரத்திலேயே சரிபார்ப்பவரின் மனைவி தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"அண்ணா, நான்தான்."

"சொல்லும்மா."

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. தினம் காலையில மெசேஜ் வருதுண்ணா. அவர் வேலைக்கு வந்துட்டார்னு."

வரைவாளருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு காலையிலும் தாம் அழுத்தியது பொத்தானை மட்டும் அல்ல என்று தெரிந்தது.

"நிறுத்திடறேம்மா," என்றார். "கண்டிப்பா நிறுத்திடறேன்."

"நிறுத்திடுவீங்களா?" என்று அவள் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

நிறுத்துவது ஒன்றே அதன்பின் அவருடைய கவலையாயிற்று. அழுத்தாமல் இருந்து பார்த்தார்; நண்பகலுக்குள் பட்டறை நின்றது; மேலாளர் மேலே வந்து, அருகில் நின்று அழுத்தவைத்தார். குடும்ப எண்ணை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்தார்; ஊழியரின் குடும்பத்தைப் பிரிக்க நிறுவனத்துக்கு உரிமையில்லை என்று பதில் வந்தது. மேலாளரிடம் நேரில் முறையிட்டார்.

"இதுல அவங்களுக்கு என்ன வருத்தம்?" என்றார் மேலாளர், உண்மையாகவே புரியாமல். "நல்ல செய்திதானே போகுது? வரலைன்னு போனாத்தானே கவலைப்படணும்?"

வீட்டில் வரைவாளரின் மனைவி வேறு விதமாகக் கேட்டாள். "ஏங்க, அவங்க போன்ல அந்த நம்பரைத் தடுத்துட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு நீங்க சோறு தண்ணி இல்லாம அலையறீங்க?"

"சொன்னேன். சரி, சரிங்கிறாங்க. செய்ய மாட்டேங்கிறாங்க."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

ஓராண்டு முடிவில் 'சிறந்த கூட்டுழைப்பாளர்' விருது அறிவிக்கப்பட்டது. அதை மனிதர்கள் முடிவு செய்வதில்லை, பாரபட்சம் வந்துவிடும். கூரையே கணக்கிட்டுச் சொல்லும். எல்லோரையும்விட விரைவாகப் பார்த்தவர், ஒருமுறைகூட மறுத்துப் பேசாதவர், விடுப்பே எடுக்காதவர், எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் வருகிறாரே தவிர மாலையில் புறப்பட்டதாகப் பதிவே இல்லாதவர் ஒருவர் இருந்தார். கூரை அவரைத் தேர்ந்தெடுத்தது. விதிப்படி குடும்பத்துக்கும் அழைப்பு தானாகவே போயிற்று: "உங்கள் கணவரின் வெற்றியைக் கொண்டாட வாருங்கள்!"

"செத்தவன் கையில வெத்தலை பாக்கு கொடுத்த மாதிரின்னு சும்மா பேச்சுக்குச் சொல்வாங்க," என்றார் தேநீர் அறை அம்மாள். "கொடுத்தே காட்டிட்டாங்க சார்."

அரங்கில் வாளி அதன் இடத்தில் இருந்தது. நிர்வாக இயக்குநர் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்.

"பலருக்கு வேலை என்பது வாழ்க்கையின் ஒரு பகுதி. ஆனால் இவருக்கோ வேலையைத் தவிர வேறு வாழ்க்கையே இல்லை. இவர் வீடு திரும்ப வேண்டும் என்று நினைத்தவரே அல்லர். இப்படிப்பட்டவரை நான் நேரில் பார்க்க விரும்புகிறேன். எங்கே அவர்? மேடைக்கு வரட்டும்."

மேலாளர் விரைந்து சென்று அவர் காதில் சொன்னார். இயக்குநர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். அனுபவசாலி, தடுமாறவில்லை.

"அவர் இன்று நம்மிடையே இல்லை," என்றார். "ஆனால் அது அவருடைய கூட்டுழைப்பைச் சற்றும் பாதிக்கவில்லை என்பதை நாம் கண்ணெதிரே காண்கிறோம். இருப்பவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்."

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் ஒரு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த பெண்மணியை மேடைக்கு அழைத்தனர். அவள் வந்து கண்ணாடிக் கேடயத்தை வாங்கிக்கொண்டாள். ஏதாவது பேசும்படி ஒலிபெருக்கியை நீட்டினர். அவள் கேடயத்தில் பொறித்திருந்ததை உதட்டசைவோடு முழுதும் படித்தாள். "பேரு தப்பா இருக்கு," என்றாள் மெல்ல. "அவருக்குத் தெரிஞ்சா கோபப்படுவார்." பிறகு இறங்கிவிட்டாள்.

விழா முடிந்ததும் வரைவாளர் அவளைப் படிக்கட்டில் நிறுத்தினார். கீழே எல்லோரும் பிஸ்கட்டும் தேநீரும் எடுத்துக்கொண்டிருந்தனர்.

"என்னை மன்னிச்சிடும்மா. நிறுத்தறேன்னு சொன்னேன். என்னென்னவோ பண்ணிப் பாத்தேன்."

"காலையில அவரை வரவைக்கிறது நீங்கதானேண்ணா?"

அவர் தலைகுனிந்தார்.

"முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு," என்றாள் அவள். "நிறுத்தச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்புறம் பழகிப்போச்சு. மெசேஜ் வந்ததும், சரி, போய்ச் சேந்துட்டார், இனி நம்ம வேலையைப் பாப்போம்னு எழுந்திருப்பேன். ஒரு நாள் மத்தியானம் வரைக்கும் வரலை. பதறிட்டேண்ணா. என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்." அவள் சிரிக்க முயன்றாள். "அவருக்கு இனிமே என்ன ஆகணும், சொல்லுங்க."

வரைவாளருக்கு அந்த நாள் நினைவிருந்தது. அழுத்தாமல் இருந்து பார்த்த நாள்.

"அதையும் பொறுத்துக்கலாம்ணா. சாயங்காலம்தான் முடியலை. வந்துட்டார், வந்துட்டார்னு தினம் வருது. கிளம்பிட்டார்னு ஒரு நாள்கூட வரலை. விளக்கு வைக்கிற நேரம் ஆனா போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். டீக்குத் தண்ணி வைக்கிறதா வேண்டாமான்னே தெரியலை." அவள் கேடயத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை அவரைக் கிளம்பவெச்சிடுங்கண்ணா. அது போதும். அப்புறம் வரவே வேண்டாம்."

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் அவர். "இன்னிக்கு வரும்."

மாடியில் யாரும் இல்லை. வரைவாளர் நண்பரின் நாற்காலியில் அமர்ந்து 'புறப்படுகிறேன்' என்பதை அழுத்தினார். "முடிக்கப்படாத பணிகள் உள்ளன. அவற்றை முடித்துவிட்டுப் புறப்படவும்" என்றது கூரை. அன்று வந்த படங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவரே வரைந்தவை. பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்தார், எடுத்துக்கொண்டார். போகப்போகிறவர் ஒருபோதும் படத்தைப் பார்க்காமல் போனவரல்லர். மேசை இழுப்பறையில் இருந்த அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் திரைக்கு அருகில் வைத்துவிட்டு, முதல் படத்தை அளவு அளவாகப் பார்க்கத் தொடங்கினார். இரண்டாவது படத்தில் ஒரு துளை தவறான இடத்தில் இருந்தது. "அழிங்க, அழிங்க" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, 'துளை' என்று எழுதித் தமக்கே திருப்பியனுப்பினார். பின்னாலிருந்த தம் மேசையில் அது வந்துசேர்ந்த மணியொலி கேட்டது.

படங்கள் தீர்ந்தன. மீண்டும் 'புறப்படுகிறேன்'. இன்னும் ஒன்று இருக்கிறது என்றது கூரை. "ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். சிக்கல் தீர்ந்ததா? ஆம் / இல்லை."

'இல்லை' என்று அழுத்தினார். கணினியை அணைத்து மீண்டும் இயக்கச் சொன்னது. 'ஆம்' என்பதை அழுத்த அவருக்குக் கை வரவில்லை. எதையும் பார்க்காமலே 'பார்த்தேன்' என்று ஓராண்டாகச் சொன்ன கைதான் அது. ஆனால் இதற்கு வரவில்லை.

எழுந்து தேநீர் அறைக்குப் போனார். அம்மாள் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு டம்ளர் தண்ணி வேணும்மா."

"யாருக்கு சார்?"

"அவருக்கு."

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். கோரிக்கை எண் எதுவும் கேட்கவில்லை. ஒரு டம்ளரை எடுத்தார், கழுவிய டம்ளர்தான், மறுபடி கழுவினார். தளும்பத் தளும்ப ஊற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

வரைவாளர் அதைச் சிந்தாமல் கொண்டுவந்து மேசையில், வலது கைப்பக்கம், கண்ணாடிக்கு அருகில் வைத்தார். தாகம் எடுத்த ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சு வாங்கி வாங்கிக் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு 'ஆம்' என்று அழுத்தினார்.

"மகிழ்ச்சி! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்றது கூரை. அவர் அதற்கு விடை சொல்லாமல் 'புறப்படுகிறேன்' என்பதை அழுத்தினார். பச்சைப் புள்ளி அணைந்தது.

சன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இந்நேரம் அடுப்பு பற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். படிக்கட்டில் இறங்கும்போது, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு ஓரமாக இறங்கினார்.

மறுநாள் அவர் தம் நாற்காலியில்தான் அமர்ந்தார். நண்பகலுக்கு முன்பே பட்டறை நின்றது. மேலாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்னங்க இது? புள்ளி எரியலையே! அவர் வரலையா?"

"கிளம்பிட்டார் சார்."

"யாரைக் கேட்டுக் கிளம்பினார்?"

"வீட்டுல கூப்பிட்டாங்க சார்."

வராமைக்குக் காரணம் கேட்டுக் கூரை மேலாளரையும் நெருக்கிக்கொண்டிருந்தது. சரிபார்ப்பவரின் கணினிமுன் குனிந்து, இருந்த விடைகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, கடைசியில் 'குடும்பக் காரணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். கூரை தேதி கேட்கவில்லை; சான்று கேட்கவில்லை; குழுவுக்கும் அனுப்பவில்லை. "ஏற்கப்பட்டது" என்றது. மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். இத்தனை எளிதில் முடிந்தது அவருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் கண்ணில் டம்ளர் பட்டது. நேற்று வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"இது யார் கொண்டுவந்து வெச்சது?" என்றார். "இதுக்குக் கோரிக்கை இருக்கா?"

நாற்காலி கிறீச்சிட்டது. வரைவாளர் திரும்பியிருந்தார்.

"இருக்கு சார். நேத்துதான் முடிஞ்சுது."